கோடு நகர்ந்தால் கருவூலம் கரையும்

கடல் பொங்கிக் கரையை விழுங்கினால் கடவுளின் சீற்றம் என்கிறான் பாமரன். படித்தவன் பேச்சும் பெரிதாக மாறுபட்டதன்று. ஆங்கிலச் சட்ட நூல்களைப் புரட்டுங்கள். புயலையும் வெள்ளத்தையும் 'கடவுளின் செயல்' என்ற பெயரிட்டே அடக்கி வைத்திருப்பதைக் காணலாம். செய்தவர் கடவுள் என்று எழுதிவிட்டால் மனிதர் எவரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை அல்லவா? வழக்கு மன்றத்தில் அதற்குப் பயன் இருக்கக் கூடும். ஆனால் இடிந்த வீட்டை எழுப்பவும், உடைந்த பாலத்தை ஒட்டவும், அரித்துப் போன கரையில் மீண்டும் மணல் கொட்டவும் பணம் வேண்டுமே, அதைக் கொடுப்பவர் யார்? கடவுளின் கணக்கில் எந்த வங்கியும் காசோலை மாற்றுவதில்லை. கொடுப்பவர் வரி கட்டும் மக்கள்.

அலையிலே பங்கில்லாதவர், அழகிய கடற்கரை மாளிகையிலே பங்கில்லாதவர், அந்த மாளிகை விழுந்ததும் அழிவிலே மட்டும் பங்காளியாக்கப்படுகிறார். இந்த அநியாயத்தை அமெரிக்க ஐக்கிய நாடு எப்படிக் கண்டுகொண்டது, எப்படி ஒரு கோடு போட்டுத் தடுக்க முயன்றது, அந்தக் கோட்டைச் சற்றே நகர்த்தித் தரும்படி கேட்போர் எப்படி இடையறாது வந்து நிற்கிறார்கள், அப்படி நகர்த்தும்போது வரவு செலவுக் கணக்கில் நேர்வது என்ன என்பதையே இக்கட்டுரையில் எடுத்துக் கூறுகிறோம். வேற்று நாட்டு வரலாறுதான். எனினும் வரைபடத்தையும் வரவு செலவுத் திட்டத்தையும் வாசிக்கக் கற்க விரும்பும் இளைஞர் எவருக்கும் இது பாடநூலாகத் தகும்.

மணலின் இயல்பு

அமெரிக்காவின் கிழக்குக் கரையிலும் மெக்சிகோ வளைகுடாக் கரையிலும் நிலத்துக்கு இணையாக நீண்டு கிடக்கின்றன மணல் தீவுகள். முன்புறம் பெருங்கடல், பின்புறம் ஆழமற்ற காயல், இடையே அகலம் குறைந்த மணல் நாடா. தடுப்புத் தீவுகள் என்று இவற்றுக்குப் பெயர். புயல் வரும்போது முதல் அடியைத் தாம் வாங்கிக்கொண்டு பின்னால் உள்ள நிலத்தைக் காப்பதால் வந்த பெயர் அது. நம் இராமேசுவரம் தீவின் கோடியில் இருபுறமும் கடல் சூழ நீண்டு கிடந்த தனுஷ்கோடியை நினைத்துக்கொண்டால் இந்த நிலத்தின் தோற்றம் எளிதில் விளங்கும். 1964 டிசம்பர்ப் புயலில் அந்த ஊர் இரயிலோடு என்ன ஆயிற்று என்பதும் எவரும் மறக்கத் தக்கதன்று.

இத்தகைய தீவு நிலையாக நிற்பதன்று. புயல் அலை முன்புறத்து மணலை வாரி, தீவின் மேலாக உருட்டி, பின்புறக் காயலில் கொட்டுகிறது. முன்பக்கம் தேய்கிறது, பின்பக்கம் வளர்கிறது. ஆண்டுகள் பல சென்றபின் பார்த்தால் தீவே நிலத்தை நோக்கி நகர்ந்திருக்கிறது. இதிலே சீற்றமும் இல்லை, சாபமும் இல்லை. காற்றும் அலையும் மணலும் தத்தம் இயல்பின்படி நடந்துகொள்கின்றன. இயல்பு அறியாமல் அதன்மேல் அடிக்கல் நாட்டியவனே தன் அறியாமைக்குத் தெய்வத்தின் பெயரைச் சூட்டுகிறான்.

இதற்கு ஒரு சான்று வட கரோலினா மாநிலத்திலே நிற்கிறது. ஹாட்டரஸ் முனைக் கலங்கரை விளக்கம் 1870-இல் எழுப்பப்பட்டபோது கடலுக்கும் அதற்கும் இடையே 1,500 அடித் தொலைவு இருந்தது. நூறாண்டு செல்வதற்குள் அலை அதன் காலடியை நெருங்கிவிட்டது. கல்லணை கட்டிப் பார்த்தார்கள், மணல் கொட்டிப் பார்த்தார்கள், பயன் நிலைக்கவில்லை. இறுதியில் 1999-இல் அந்தக் கோபுரத்தையே பெயர்த்து, தண்டவாளத்தின்மேல் ஏற்றி, 2,900 அடி உள்ளே தள்ளி நிறுத்தினார்கள். கோபுரம் அசையவில்லை, கரைதான் அசைந்து வந்தது.

மற்றொரு சான்று கண்ணீரில் எழுதப்பட்டது. டெக்சாஸ் மாநிலத்தின் கால்வெஸ்டன், அப்படிப்பட்ட மணல் தீவின்மேல் செழித்த வணிக நகரம். பெரும்புயலால் அந்நகருக்குக் கேடு வரும் என அஞ்சுவது வீண் மயக்கம் என்று 1891-இல் அவ்வூர் வானிலை அதிகாரியே நாளேட்டில் எழுதினார். அதே மாநிலக் கரையிலே இண்டியனோலா என்னும் துறைமுகம் 1875-இலும் 1886-இலும் புயலால் நொறுங்கி மறைந்தது அப்போது பழங்கதையும் ஆகிவிடவில்லை. கண்ணெதிரே கிடந்த பாடம். ஆயினும் கடற்சுவர் எழவில்லை. 1900 செப்டம்பர் 8-ஆம் நாள் கடல் நகருக்குள் வந்தது. ஆறாயிரம் முதல் எண்ணாயிரம் பேர் மாண்டனர் என்பது பொதுவாகக் கூறப்படும் மதிப்பீடு. அதற்கும் மேல் என்போர் உண்டு. அதன்பின்தான் 17 அடி உயரச் சுவர் எழுந்தது. நகரின் தரையையே மண் கொட்டி உயர்த்தினார்கள். அறிவு வந்தது, ஆனால் பிணங்களின் மேல் நடந்து வந்தது.

கருவூலம் திறந்த கதை

கடற்கரையில் வீடு கட்டுபவன் முன்காலத்தில் தன் துணிச்சலைத் தன் பணத்தால் அளந்தான். வெள்ளத்துக்குக் காப்பீடு தரத் தனியார் கம்பெனிகள் துணியவில்லை. 1927-ஆம் ஆண்டு மிசிசிப்பி ஆற்றில் ஏற்பட்ட பெருவெள்ளத்துக்குப் பின் அவை அந்தத் தொழிலை ஏறக்குறையக் கைகழுவிவிட்டன. இலாபக் கணக்கிலே வல்லவர்களான கம்பெனிக்காரர்களே வேண்டாம் என்று ஒதுங்கிய சரக்கு அது என்பதை மனத்தில் குறித்துக்கொள்வோம்.

1965-இல் பெட்சி என்னும் சூறாவளி லூயிசியானா மாநிலத்தைத் தாக்கியது. உதவி கேட்டுக் குரல் எழுந்தது. ஒவ்வொரு முறையும் நிவாரணம் வழங்கிக் கொண்டிருப்பதைவிட, அரசே முன்னின்று காப்பீடு நடத்தினால் ஆபத்தில் வாழ்வோர் தம் பங்குக் கட்டணத்தையாவது செலுத்துவார்களே என்று ஆட்சியாளர் எண்ணினர். 1968-இல் தேசிய வெள்ளக் காப்பீட்டுச் சட்டம் பிறந்தது. நோக்கம் நல்லது. ஆற்றோரத்து ஏழைக்கும் அது கைகொடுத்தது. அதை மறுப்பது நேர்மையாகாது.

ஆனால் நல்ல நோக்கத்தின் நிழலிலே நரி ஒன்றும் நுழைந்தது. காப்பீடு இருக்கிறது என்றதும் வங்கி கடன் கொடுத்தது. கடன் கிடைத்ததும் கட்டட முதலாளி மணல் தீவை மனைகளாக வெட்டினான். மனை விற்றதும் பாலம் கேட்டான், சாலை கேட்டான், குடிநீர்க் குழாய் கேட்டான். வீடுகள் பெருகின, வாக்குகள் பெருகின, பாலம் வந்தது. புயல் வந்தது, பாலம் போயிற்று. மீண்டும் அரசுப் பணத்தில் பாலம்! 1979 செப்டம்பரில் பிரெடரிக் சூறாவளி அலபாமா மாநிலத்து டாபின் தீவின் பாலத்தை உடைத்தெறிந்தது. மத்திய அரசின் பணத்தைக் கொண்டு புதிய பாலம் எழுப்பி 1982-இல் திறந்தார்கள். மணலின்மேல் கட்டுபவன் துணிச்சல்காரன் என்ற பேச்சு மறைந்துபோயிற்று. துணிச்சல் அவனுடையது, நட்டம் நாட்டினுடையது என்ற ஏற்பாடு நிலைத்தது.

1982-ஆம் ஆண்டுச் சட்டம்

இந்த ஏற்பாட்டுக்கு முதல் முட்டுக்கட்டை எங்கிருந்து வந்தது தெரியுமா? இயற்கைப் பாதுகாப்புச் சட்டத்திலிருந்து வரவில்லை. வரவு செலவுச் சட்டத்திலிருந்து வந்தது. 1981-ஆம் ஆண்டின் வரவு செலவுச் சீராக்கச் சட்டத்தில் ஒரு பிரிவு நுழைக்கப்பட்டது. வளர்ச்சியுறாத தடுப்புக் கரைகளில் 1983 அக்டோபர் முதல் நாளுக்குப் பிறகு எழும் புதிய கட்டடங்களுக்கு அரசின் வெள்ளக் காப்பீடு கிடையாது என்றது அது. மறு ஆண்டே அதற்கு முழு உருவம் தரும் கடலோரத் தடுப்பு வளச் சட்டம் வந்தது. ரோட் தீவு மாநிலச் செனட்டர் ஜான் சேஃபியும், டெலவேர் மாநிலப் பிரதிநிதி தாமஸ் எவன்சும் அதை முன்னின்று நடத்தினர். 1982 அக்டோபர் 18-ஆம் நாள் குடியரசுத் தலைவர் ரேகன் கையெழுத்திட்டார்.

ரேகன் முதலாளிகளின் நண்பர் என்று பெயர் பெற்றவர். இயற்கைப் பாதுகாவலர் எவரும் அவரைத் தம் தலைவராகக் கொண்டதில்லை. அவர் கையால் இந்தச் சட்டம் எப்படி வந்தது? சட்டத்தின் அமைப்பிலே விடை இருக்கிறது. அது எவருடைய நிலத்தையும் பறிக்கவில்லை. எவரும் வீடு கட்டக் கூடாது என்று தடுக்கவும் இல்லை. கட்டு, உன் விருப்பம். ஆனால் எங்கள் பணப்பையில் கை வைக்காதே என்றது. அவ்வளவே. பறவைகளையும் ஆமைகளையும் காக்க விரும்பியவர்களும், கருவூலத்தைக் காக்க விரும்பியவர்களும் ஒரே மேடையில் நிற்க அந்த ஒரு வாக்கியம் இடம் கொடுத்தது.

வரைபடங்களில் கோடு போட்டு 186 பகுதிகள் குறிக்கப்பட்டன. பரப்பு 4 இலட்சத்து 53 ஆயிரம் ஏக்கர்; கடற்கரை நீளம் 666 மைல். ஐந்து ஏக்கருக்கு ஒரு கட்டடம் என்ற அளவை எட்டாத, சாலையும் குடிநீரும் கழிவுநீர் ஏற்பாடும் மின்சாரமும் மனைதோறும் சென்று சேராத நிலமே வளர்ச்சியுறாத நிலம் என்பது அளவுகோல். அந்தக் கோட்டுக்குள்ளே புதிய கட்டடத்துக்கு மத்திய அரசின் வெள்ளக் காப்பீடு இல்லை. புதிய சாலைக்கும் பாலத்துக்கும் மானியம் இல்லை. வளர்ச்சிக்கு ஊக்கம் தரும் கடன் உறுதியும் இல்லை. கப்பல் வழித் தூர்வாரல், இராணுவப் பணி, உயிர் காக்கும் அவசர நடவடிக்கை போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. கோடு போடுமுன் இருந்த வீட்டுக்கும் காப்பீடு தொடரும். ஆனால் அந்த வீடு தன் மதிப்பில் பாதி அளவுக்குச் சேதமுற்றால் அந்தச் சலுகையும் முடிந்துவிடும்.

1990-இல் சட்டம் விரிந்தது. பேரேரிகளின் கரைகளும், போர்ட்டோ ரிக்கோ, வர்ஜின் தீவுகளின் கரைகளும் சேர்ந்தன. பூங்காவாகவும் சரணாலயமாகவும் ஏற்கனவே காக்கப்பட்டு வந்த நிலங்களுக்கும் தனி வகுப்பு ஒன்று ஏற்பட்டது. அந்த வகுப்பில் மறுக்கப்பட்டது வெள்ளக் காப்பீடு ஒன்றுதான். 1999-இல் சேஃபி மறைந்தபின் அவர் பெயரே இந்த அமைப்புக்குச் சூட்டப்பட்டது.

கோட்டின் தடிப்பு

இனிமேல்தான் நம் வரலாறு கூர்மை பெறுகிறது. கோடு யார் போட்டது? மனிதர். எதன்மேல்? காகிதத்தின்மேல். அந்நாளைய வரைபடத்தின் அளவை 1-க்கு 24,000. படத்திலே ஒரு மில்லிமீட்டர் என்றால் தரையிலே 24 மீட்டர். தடித்த பேனாவின் மையிலேயே ஒரு வீடும் அதன் முற்றமும் மூழ்கிவிடும்! அந்த வீடு கோட்டுக்கு உள்ளேயா, வெளியேயா? உள்ளே என்றால் காப்பீடு இல்லை. வெளியே என்றால் இரண்டரை இலட்சம் டாலர் வரையில் கட்டடத்துக்குக் காப்பீடு உண்டு. ஒரு மைக்கோட்டின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் உள்ள தொலைவு இவ்வளவு பெரிது.

பிழைகள் நேர்ந்தன என்பது உண்மை. பூங்காவின் எல்லையை ஒட்டிக் கோடு போட எண்ணிப் பக்கத்து வீட்டையும் உள்ளே இழுத்த இடங்கள் உண்டு. அப்படிச் சிக்கியவர் நீதி கேட்பது முறையே. ஆனால் திருத்துவது எளிதன்று. அரிப்பாலும் மணற்சேர்க்கையாலும் இயற்கையில் நேரும் மாறுதலை ஐந்தாண்டுக்கு ஒருமுறை துறையே ஆராய்ந்து திருத்தலாம். மற்றத் திருத்தங்களில் பெரும்பாலானவற்றுக்குக் காங்கிரசு மன்றம் சட்டம் இயற்ற வேண்டும். குடியரசுத் தலைவர் ஒப்பமிட வேண்டும். ஒரு தெருவின் ஒரு ஓரத்தை நகர்த்தவும் ஒரு நாட்டின் பாராளுமன்றம்!

வேடிக்கை என்று சிரிக்கத் தோன்றும். நாம் சிரிக்கவில்லை, பாராட்டுகிறோம். துறை அதிகாரியின் அறைக்குள்ளே மெல்லப் பேசி நகர்த்த முடியாத கோடு அது. நகர்த்த வேண்டுமானால் ஊரறிய, ஏட்டில் பதிய, எண் கொடுத்து நகர்த்த வேண்டும். சலுகை கேட்பவன் சபைக்கு வந்தாக வேண்டும்.

வந்தார்கள். உண்மையான பிழையால் வருந்தியவரும் வந்தார். பிழை என்ற போர்வையில் பேராசையும் வந்தது. வட கரோலினாவின் டாப்சைல் தீவு இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. அங்கே நிலம் வைத்திருந்தோர், எங்கள் தீவைச் சேர்த்ததே தவறு என வழக்காடினர். 1985-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அந்தப் பகுதியைக் கோட்டிலிருந்து விடுவிக்கும் மசோதாக்கள் பின்னர்ப் பலமுறை காங்கிரசின் கதவைத் தட்டின.

கணக்கேட்டின் இரு பக்கங்கள்

மசோதா வந்ததும் காங்கிரசு வரவு செலவு அலுவலகம் தன் வேலையைத் தொடங்குகிறது. 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த அலுவலகம் அது. எந்தக் கட்சிக்கும் சார்பின்றி, ஒரு மசோதா சட்டமானால் கருவூலத்துக்கு என்ன வரவு, என்ன செலவு என்று கணக்கிட்டுச் சொல்வது அதன் கடமை. எல்லைத் திருத்த மசோதாவுக்கு அது போடும் கணக்கின் போக்கு எளியது. இத்தனை ஏக்கர் கோட்டுக்கு வெளியே போகிறது. அங்கே உள்ளவர்கள் இனி அரசின் வெள்ளக் காப்பீடு வாங்கலாம். அவர்கள் செலுத்தும் கட்டணம் வரவு. வெள்ளம் வந்தால் கொடுக்கும் ஈட்டுத் தொகை செலவு. ஒன்றை ஒன்று பெரும்பாலும் ஈடு செய்துவிடும், வீடுகளும் சில, ஆகவே பத்தாண்டுக் காலத்தில் விளைவு குறிப்பிடத்தக்கதன்று. பெரும்பாலும் இவ்வாறே முடியும் அந்தச் சிறு அறிக்கை.

அலுவலகம் பொய் சொல்லவில்லை. தனக்கு விதிக்கப்பட்ட வரம்புக்குள் நின்று உண்மையே சொல்கிறது. ஆனால் அந்த வரம்பு எவ்வளவு குறுகியது என்பதை நாம் பார்க்க வேண்டும். பத்தாண்டு என்பது பாராளுமன்றத்துக்கு நெடுங்காலம். கடலுக்குக் கண்ணிமைக்கும் நேரம். கால்வெஸ்டன் நகரை அழித்தது போன்ற புயல் ஒரு பத்தாண்டில் வராமலும் போகலாம். வீடோ ஐம்பது ஆண்டு நிற்கக் கட்டப்படுகிறது. அன்றியும், காப்பீட்டுக் கணக்கு கணக்கேட்டின் ஒரு பக்கமே. கோடு நகர்ந்தபின் அங்கே எழும் வீடுகளுக்காகப் பின்னொரு நாள் அமைக்கப்படும் சாலை, கொட்டப்படும் மணல், புயலுக்குப்பின் வழங்கப்படும் பேரிடர் நிவாரணம் இவையெல்லாம் வருங்காலக் காங்கிரசு ஆண்டுதோறும் ஒதுக்கித் தரவேண்டிய தொகைகள். இன்றைய மசோதாவின் பற்றில் அவை ஏறுவதில்லை. விதைக்கும் நாளில் களைக்குக் கணக்கில்லை!

கட்டணமும் செலவும் ஈடாகும் என்பதாவது முழு உண்மையா? அதே அலுவலகம் 2017-இல் வெள்ளக் காப்பீட்டுத் திட்டம் முழுவதையும் ஆராய்ந்தது. ஆண்டொன்றுக்கு எதிர்பார்க்கத் தக்க பற்றாக்குறை 140 கோடி டாலர் என்றது. அந்தப் பள்ளத்தின் பெரும்பகுதி கடலோர மாவட்டங்களிலே இருப்பதையும் காட்டியது. தனித்தனி மசோதாவாகப் பார்த்தால் துளி. திட்டம் முழுவதையும் பார்த்தால் வெள்ளம். சிறு துளி பெருவெள்ளம் என்னும் நம் நாட்டு மொழி சேமிப்புக்கு மட்டுமா பொருந்தும்? செலவுக்கும் பொருந்தும்.

2005-இல் காட்ரினா, 2012-இல் சாண்டி எனப் பெரும்புயல்கள் வந்தபோது அந்தத் திட்டம் கட்டணப் பணத்தால் தாக்குப்பிடிக்க முடியாமல் கருவூலத்திடம் கடன் வாங்கிற்று. 2017-இல் அந்தக் கடனில் 1,600 கோடி டாலரைக் காங்கிரசு தள்ளுபடி செய்தது. அதற்குப் பிறகும் 2,000 கோடி டாலருக்கு மேல் எஞ்சியது. தள்ளுபடி என்றால் கடன் மறைந்துவிட்டதா? கடற்கரையைக் கண்ணாலும் கண்டிராத சுரங்கத் தொழிலாளியின் கணக்குக்கு மாறியது, அவ்வளவே. ஆபத்துக்கு ஏற்பக் கட்டணம் விதிக்கும் புதிய முறையை 2021 அக்டோபரில் தொடங்கினார்கள். ஏற்கனவே காப்பீடு வைத்திருப்போரில் பெரும்பாலோருக்கு ஆண்டுக்கு 18 சதவீதத்துக்கு மேல் உயர்த்தக் கூடாது என்ற சட்ட வரம்பு இருப்பதால், பள்ளம் நிரம்பப் பல்லாண்டு வேண்டும்.

கண்ட பலன்

கோடு போட்டதால் விளைந்த நன்மை என்ன? கற்பனையாகப் புகழ வேண்டாம், கணக்காய்வாளர் சொல்லட்டும். அமெரிக்க அரசுக் கணக்காய்வு அலுவலகம் 2007-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, இந்த அமைப்பில் உள்ள பகுதிகளில் ஏறத்தாழ 84 சதவீதம் வளர்ச்சியுறாமலே இருந்தன. 13 சதவீதத்தில் சிறிதளவும், 3 சதவீதத்தில் பெருமளவும் கட்டடங்கள் எழுந்திருந்தன. தடை இல்லை, தண்டனை இல்லை. பணம் மறுக்கப்பட்டது, அவ்வளவே. அதிலேயே பெரும்பகுதி மணல் மணலாக இருந்துவிட்டது. இத்தனை காலமும் அந்த வீடுகளைக் கட்டி வந்தது கடற்காற்றின்மேல் கொண்ட காதலா, கருவூலத்தின்மேல் வைத்த கண்ணா என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டுமா?

பணத்தின் கணக்கும் உண்டு. 2010-ஆம் ஆண்டு முடிய வரி செலுத்துவோருக்கு ஏறத்தாழ 130 கோடி டாலர் மிச்சமாகும் என்று மீன், வனவிலங்குப் பணித்துறை 2002-இல் மதிப்பிட்டது. 2019-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, 1989 முதல் 2013 வரை மத்திய அரசின் கடலோரப் பேரிடர்ச் செலவு 950 கோடி டாலர் குறைந்ததாகக் கண்டது. 2068-க்குள் மேலும் 1,100 கோடி முதல் 10,800 கோடி டாலர் வரை மிச்சமாகக் கூடும் என்றும் அது கணித்தது. இந்த இரு எல்லைகளுக்கும் இடையே உள்ள பெரிய இடைவெளியைப் பார்த்து நகைப்பவர் நகைக்கட்டும். வருங்காலத்தை ஒரே எண்ணில் உரைப்பவன் சோதிடன். எல்லை வகுத்து உரைப்பவன் ஆய்வாளன்.

குறையும் கூறுவோம். அந்த 3 சதவீதத்தில் டாப்சைல் தீவின் வடபகுதியும் ஒன்று. மாநிலமும் ஊராட்சியும் உதவ, தனியார் காப்பீட்டின் உயர்ந்த கட்டணத்தைச் செலுத்தும் வசதி படைத்தவர் அங்கே வீடு கட்டியே தீர்ந்தனர். பணக்காரனை இந்தச் சட்டம் தடுக்கவில்லை. அவன் பணத்துக்கு அவனையே பொறுப்பாளியாக்கியது. மத்திய அரசின் துறைகளே சில இடங்களில் சட்டத்தை மறந்து பணம் கொடுத்ததையும் கணக்காய்வாளர் கண்டுபிடித்தனர். சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது, ஏட்டைப் புரட்டிப் பார்க்கும் கண் வேண்டும் என்பதற்கு இதுவும் சான்று.

திருத்தத்தின் நல்ல வழியையும் அந்நாடு கண்டது. வீட்டுக்கு ஒரு மசோதா என்று துண்டு துண்டாகக் கோட்டை வெட்டுவதை விட்டு, ஒரு பகுதி முழுவதையும் புதிய வரைபடத்தில் மறுபடி அளப்பது; தவறாகச் சேர்ந்ததை நீக்குவது; தகுதியிருந்தும் விடுபட்டதைச் சேர்ப்பது; பொதுமக்கள் கருத்தைக் கேட்டு, எல்லாவற்றையும் ஒரே சட்டத்தில் வைப்பது. 2018-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த வழியில் பல வரைபடங்களை ஏற்றது. சாண்டிப் புயலுக்குப்பின் வடகிழக்குக் கரை மாநிலங்களில் மறு அளவை நடந்தது. அதன் பயனாக 2024 நவம்பரில் இயற்றப்பட்ட சட்டம் 2 இலட்சத்து 70 ஆயிரம் ஏக்கருக்கு மேல் புதிதாகச் சேர்த்தது. சில நூறு வீட்டுக்காரர்களுக்கு நீதி கிடைத்தது. பல இலட்சம் ஏக்கருக்குக் காப்பும் கிடைத்தது. நீக்குவது மட்டுமே திருத்தம் என்று கேட்டு வருபவனுக்கும், நீதி கேட்டு வருபவனுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் தெரிகிறது. பின்னவன் சேர்ப்பதற்கும் சம்மதிப்பான்.

தோழர்களே! எல்லைக் கோட்டு மசோதா என்றால் எவரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. ஏக்கர் எண்ணிக்கை, வரைபட எண், நாள், ஒப்பம்: படிக்கச் சலிப்பூட்டும் காகிதம். அந்தச் சலிப்புத்தான் சலுகை பெறுவோனின் சரணாலயம். கூட்டத்திலே ஒலிபெருக்கி முன் எவனும் பொதுப் பணத்தைக் கேட்பதில்லை. வரைபடத்தின் மூலையிலே, மில்லிமீட்டர் அளவிலே கேட்கிறான். பெறுபவர் சிலர், அவர்கள் இடத்திலே திரள்கிறார்கள். கொடுப்பவர் பலர், அவர்கள் நாடெங்கும் சிதறிக் கிடக்கிறார்கள். கொடுக்கிறோம் என்பதே அவர்களுக்குத் தெரிவதில்லை.

ஆகவே எந்த நாட்டிலே, எந்தக் கரையிலே, எந்தக் காப்பு நிலத்தின் கோட்டை எவர் நகர்த்த வந்தாலும் பகுத்தறிவாளன் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. பிழையைத் திருத்துகிறாயா, பேராசைக்கு வழி திறக்கிறாயா? கணக்கு எத்தனை ஆண்டுக்குப் போடப்பட்டது? கணக்கில் ஏறாமல் வெளியே நிற்கும் செலவு எது? புயல் அடித்த மறுநாள் பணம் கொடுக்கப் போகிறவர் யார்? இந்த நான்குக்கும் விடை வந்தபின் கோடு நகரட்டும், நிற்கட்டும். அதை மக்கள் முடிவு செய்யலாம். விடை வருமுன் நகர்ந்த கோட்டின் விலையைக் கடல் ஒருநாள் வந்து கேட்கும். அப்போது கடவுளின் செயல் என்று எழுதிக் கணக்கை மூட எவனாவது முன்வந்தால், அவன் கையிலிருந்து பேனாவை வாங்கி, கோட்டை நகர்த்தியவர் பெயரை அந்த இடத்தில் எழுதுவோம்.